படல் சாத்திய காடு

"இன்னும் நான் என்னத்தக் குடுத்தா எம்பட சின்னப் பையன் பொழைப்பானுங்க, தாயி?"

கும்பிட்ட கையை இறக்காமல் கேட்டார் ராக்கியப்பர்.

பாவாயம்மை மாட்டின் கழுத்தில் உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"இதுவரைக்கும் என்ன குடுத்தீங்க?"

"என்னத்தக் குடுக்கலைன்னு கேளுங்க."

அம்மைக்கு அவரைவிட இருபது வயதாவது குறைவு. காங்கயத்துக்கு மேற்கே ஒரு கொறங்காட்டில் தனியாக இருந்தாள். கொறங்காடு என்றால் ஏர் படாத மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி இருக்கும், உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். ஆடுமாடு உள்ளே போக வேலியில் ஒரு சந்து விட்டு, அதை முள் படலால் சாத்தி வைப்பார்கள்.

குறை சொல்லிக்கொண்டு அவளிடம் பலரும் வருவார்கள். வருகிறவர்களுக்கு அவள் வேலை கொடுப்பாள். பாதிப் பேர் வேலையைக் கேட்டதுமே குறை தீர்ந்து வீட்டுக்கு ஓடிவிடுவார்கள்.

ராக்கியப்பர் ஓடவில்லை. சொல்ல ஆரம்பித்தார்.

"மூத்தவன் சிவமலைங்க. சின்னவன் மாகாளி. மாகாளி கரூர்ல மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுத்திக் காயில் கட்டற பட்டறை வெச்சிருந்தான். வெறுங்கையோட போனவனுங்க. அவனாக் கத்துக்கிட்டான், அவனாப் பொழைச்சான்."

"அப்புறம்?"

"ஒருக்கா பாக்கப் போனேன். பட்டறையிலயே சாக்கு விரிச்சுப் படுத்திருந்தான். பெத்த மனசு கேக்குமுங்களா? கையோட கூட்டியாந்துட்டேன்."

"கூட்டியாந்து?"

"நல்ல மண்ணாப் பாத்துக் காட்டைப் பிரிச்சுக் குடுத்தேன். கெணத்துத் தண்ணியில பாதி முறை குடுத்தேன். வீடு கட்டிக் குடுத்தேன். கறவை மாடு புடிச்சுக் கட்டுனேன்."

"அதெல்லாம் இப்ப எங்க?"

ராக்கியப்பர் இருமினார். மேல்துண்டை எடுத்து வாயைத் துடைத்தார்.

"சிவமலைகிட்ட இருக்குதுங்க."

"புடுங்கிக்கிட்டாருங்களா?"

"அய்யோ, அப்படிச் சொல்லக் கூடாதுங்க. அவன் கெட்டவன் இல்லை. விடியறதுக்குள்ள காட்டுல நிப்பான். தம்பி கொஞ்சம் அசந்தா, தண்ணி சும்மா போகுதேன்னு மடையத் தன் பக்கம் திருப்பிக்குவான். தம்பி மாட்டை மேய்க்க ஆளில்லைன்னா, தன் மாட்டோட சேத்து ஓட்டிக்குவான். கேக்கறதுக்கு நாயமாத்தான் இருக்கும்."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"சின்னவனுக்கு வேற குடுப்பேன்."

அம்மை இப்போது திரும்பினாள்.

"சின்னவரு எப்படி இருக்கறாரு?"

"செவுத்தப் பாத்துப் படுத்திருக்கறானுங்க. பொஞ்சாதி அவ ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. சோறு எறங்க மாட்டீங்குது. டாக்டருங்க ஒடம்புல ஒண்ணுமில்லைங்கறாங்க. நாளுக்கு நாள் ஒடுங்கிட்டே வர்றான். செத்துப் போயிருவானோன்னு பயமா இருக்குதுங்க, தாயி."

அம்மை கையைத் தவிட்டுத் தண்ணீரில் கழுவினாள்.

"மழை பேஞ்சிருக்குது. வேலிக்குள்ள முளைப்பு எடுத்திருக்குது. இந்த மழைக்கு அந்தக் காட்டை நீங்க பாத்துக்குங்க."

"நான் கேட்டது..."

"படலைத் தொறக்கறதும் சாத்தறதும் உங்க கையில. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். காலையில வந்துட்டுப் பொழுதோட வீட்டுக்குப் போயிருங்க."

திருநீறு கிடைக்கும், மந்திரித்த எலுமிச்சம்பழமாவது கிடைக்கும் என்று வந்தவர். காடு காக்கும் வேலை கிடைத்தது. அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கும்பிட்டார். வேறு யாரிடம் போவார்?

*

காட்டில் இரண்டு வகைதான் முளைத்திருந்தன. கொழுக்கட்டைப் புல். அதன் இடுக்கில் தரையோடு தரையாக நரிப்பயத்தங்கொடி என்கிற காட்டுப் பயறு.

அம்மை ஒரு கொடியை மண்ணோடு கெல்லி எடுத்து அவர் கையில் வைத்தாள். வேரில் சிறுசிறு முடிச்சுகள். ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து காட்டினாள். உள்ளே ரத்தச் சிவப்பு.

பிறகு ஒரு புல்லைப் பிடுங்கினாள். முடிச்சு கிடையாது. வேர் மட்டும் கொத்துக் கொத்தாகச் சுற்றியிருந்த மண்ணை எல்லாம் கவ்விக்கொண்டு வந்தது.

"மண்ணுல இருக்கற சத்தைப் பூரா புல்லு மொதல்லயே எடுத்துக்கும்" என்றாள்.

"அப்பக் கொடிக்கு?"

"காத்துல இருந்து எடுத்துக்கும். அதுக்குத்தான் இந்த முடிச்சு."

ராக்கியப்பர் அறுபத்தைந்து வருஷம் விவசாயம் பார்த்தவர். பயறு விதைத்தால் மண்ணுக்கு நல்லது என்று தெரியும். ஆனால் பக்கத்திலேயே நின்று புல் இத்தனையும் தின்கிறது என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

"அப்பப் புல்லு திருடனுங்களா?"

"புல்லு புல்லுங்க."

அவ்வளவு சொல்லிவிட்டு அவள் மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

*

அன்று முழுக்க அவர் அந்தக் கொடிகளுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். பார்க்கப் பார்க்க நெஞ்சை அடைத்தது. விரல் அகலம் இடம் கிடைத்தால் போதும் என்று ஊர்ந்துகொண்டிருந்தது கொடி. புல் அதற்கு மேலேயே குடை பிடித்தது.

மறுநாள் வரும்போது தலையில் ஒரு கூடை ஆட்டுப் புழுக்கை. ஒவ்வொரு கொடியாகத் தேடித் தேடி வேரில் கொட்டினார்.

அடுத்த நடைக்கு ஒரு பை யூரியா.

கொறங்காட்டுக்கு உரம் வைத்த ஆள் அந்தச் சீமையில் அதுவரை இல்லை. வேலியோரம் போன ஒருவன் நின்று பார்த்தான்.

"ஏனுங்க மாமா, அப்படியே வேலியில இருக்கற ஓணானுக்கும் ஒரு கை சோறு வெச்சுட்டுப் போங்க."

"உம்பட சோலியப் பாத்துட்டுப் போடா" என்றார்.

கொடி கரும்பச்சையாகக் கறுத்தது. இலை அகலமானது. ராக்கியப்பர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று மாகாளியும் இப்படித்தான் தெளிந்து நின்றான் என்று நினைத்துக்கொண்டார்.

அம்மை பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

*

புல் முழங்காலுக்கு வந்தால் படலைத் திறக்க வேண்டும். மாடு உள்ளே போக வேண்டும். இது அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ராக்கியப்பருக்கும் தெரியும்.

புல் முழங்காலுக்கு வந்தது. மாடுகள் படலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டு கத்தின.

அவர் திறக்கவில்லை.

"மாடு புல்லை மட்டுமுங்களா கடிக்கும்? கொடியவும் சேத்துக் கடிச்சுப் போடும். கொஞ்சம் தேறட்டுங்க தாயி."

அம்மை அரிவாளை எடுத்துக்கொண்டு போய் வேல மரத்தில் தழை வெட்டி வந்து மாடுகளுக்குப் போட்டாள். அவை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி படலையே பார்த்தன.

*

ஒரு நாள் சிவமலை பைக்கில் வந்தான். வாட்டசாட்டமான ஆள். இறங்கியதும் அம்மையைக் கும்பிட்டான். அப்பாவுக்கு ஒரு தூக்குப் போசியில் மோர் கொண்டு வந்திருந்தான். வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"புல்லு என்னமா வந்திருக்குதுங்கப்பா!"

"ஆமா சாமி."

"அப்பா, ஒரு ரோசனைங்க. தம்பி காட்டுப் பக்கமே போறதில்லை. அவன் முறைத் தண்ணி வீணாத்தான் போகுது. நான் சோளத்துக்குத் திருப்பிக்கட்டுங்களா?"

ராக்கியப்பர் போசியைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மகனைப் பார்க்கவில்லை.

"உனக்குத் தெரியாததா சாமி? பாத்துச் செய்யி."

"செரிங்கப்பா."

பைக் போன பிறகு அம்மை கேட்டாள்.

"அவரைக் கண்டா உங்களுக்குப் பயமுங்களா?"

"பெத்த பையனைக் கண்டு என்னங்க பயம்?"

வெயிலில் அவருக்கு நெற்றி வேர்த்தது.

"நாளைக்குக் கை கால் உழுந்தா அவன் வீட்டுலதானுங்க கெடக்கோணும். அவன் மொகம் கோணிட்டா நான் எங்க போவேன்?"

மோரைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்து போனார். வீட்டுக்குப் போகும் வழியில் மாகாளிக்கு என்று ஒரு வெள்ளாடும் இரண்டு குட்டிகளும் விலைக்குப் பிடித்துக்கொண்டார்.

மாகாளி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். குட்டிகள் வாசலில் கத்தின.

"அப்புனு, வெளிய வந்து பாரு. உனக்குத்தான்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்கப்பா."

"அப்படிச் சொல்லாதடா கண்ணு."

"இன்னிக்குக் காலையில ஒரு பழைய மோட்டாரப் பிரிச்சுப் பாத்தேன்" என்றான் சுவரிடம். "கையி ஓட மாட்டீங்குது. கண்ணை மூடிட்டுக் காயில் சுத்துவேன். இப்ப எத்தனை சுத்துன்னே மறந்து போச்சு."

"அதுக்கென்ன சாமி? நீ எதுக்கு இனி மோட்டாரெல்லாம் கட்டோணும்? நான் இல்லையா?"

ராக்கியப்பர் தட்டில் சோற்றை வைத்து மூடிவிட்டு வந்தார். காலையில் பார்த்தபோது மூடியது மூடியபடி இருந்தது. ஆட்டையும் குட்டிகளையும் காணோம். அவை சிவமலை பட்டியில் நின்றன.

*

புல் நெஞ்சு உயரம் வந்தது. கதிர் விட்டுக் காற்றில் ஆடியது. எட்டத்தில் இருந்து பார்த்தால் சோளக்காடு தோற்றுப்போகும். ராக்கியப்பருக்கே கொஞ்ச நாள் அதில் பெருமை இருந்தது.

கொடியைப் பார்க்கலாம் என்று ஒரு நாள் புல்லை இரண்டு கையாலும் விலக்கினார்.

பகலிலும் உள்ளே இருட்டாக இருந்தது. கொடி வெளுத்துக் கிடந்தது. இலை கொட்டி, வெறும் நூலாக.

பக்கத்தில் விலக்கினார். அங்கேயும் அப்படித்தான். மண்டியிட்டு, தவழ்ந்து, காட்டின் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் தேடினார். புல்லின் சுணை முகமெல்லாம் கீறியது.

ஒரு கொடியைப் பிடித்து இழுத்தார். இழுத்தவுடன் வந்துவிட்டது. வேர் மழமழவென்று இருந்தது. முடிச்சே இல்லை. எங்கோ ஒன்று ஒட்டியிருந்தது. அதை நகத்தால் பிளந்தார். உள்ளே சாம்பல் நிறம்.

அப்படியே எடுத்துக்கொண்டு அம்மையிடம் ஓடினார்.

"தாயி! நான் தின்னக் குடுத்தனே! கூடை கூடையாக் குடுத்தனே!"

"குடுத்தீங்க."

"அப்புறம் ஏனுங்க செத்துப்போச்சு?"

"நீங்க குடுத்தது யாரு வயித்துக்குப் போச்சு?"

ராக்கியப்பர் வேலியைத் திரும்பிப் பார்த்தார். புல் ஆடிக்கொண்டிருந்தது.

"முடிச்சையும் காணமுங்களே."

"காலடியிலயே கொட்டிக் கெடக்கறப்ப அது எதுக்கு முடிச்சுக் கட்டோணும்? மறந்துரும்."

"மறந்துருமா" என்று அவரும் சொன்னார், தனக்கு.

"மாடு விட்டிருந்தா கொடியவும் கடிச்சிருக்குமே தாயி. அதுக்குப் பயந்துதான் படலைச் சாத்தி வெச்சேன்."

"கடிக்கும். கொடி கடி தாங்கும். நெழல் தாங்காது."

படலுக்கு வெளியே மாடுகள் எலும்பு தெரிய நின்றன.

"செத்ததாவது மண்ணுல தங்குமுங்களா?" என்று கேட்டார்.

"தங்காது. மக்கும். அதையும் புல்லு எடுத்துக்கும்."

ராக்கியப்பர் எழுந்து போய்ப் படலை இழுத்துப் போட்டார். முள் கையில் ஏறியதைக்கூடக் கவனிக்கவில்லை. மாடுகள் முட்டி மோதிக்கொண்டு உள்ளே பாய்ந்தன. தண்டு முறிகிற சத்தமும் மெல்லுகிற சத்தமும் காடெல்லாம் கேட்டன. புல் சாயச் சாய, உள்ளே வெயில் விழுந்தது. வெயில் விழுந்த இடத்தில் எல்லாம் காய்ந்த கொடிதான் கிடந்தது.

"இனி வருமுங்களா?"

"முன்ன உதுந்த வெதை மண்ணுல கெடக்குது. காட்டுக்கென்ன, அடுத்த மழைக்கு வரும்."

அம்மை அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க பையனுக்கு அடுத்த மழை இருக்குதுங்களா?"

*

செருப்பை மறந்துவிட்டு ஓடினார். அந்த வயதில் அவர் ஓடியதைப் பார்த்து, வீட்டில் தீப்பிடித்ததோ என்று ஊர் கேட்டது.

மாகாளி சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தான். கூப்பிட்டார். தோளைத் தொட்டுத் திருப்பினார். உடம்பு லேசாக, காய்ந்த விறகு மாதிரி திரும்பியது. சூடு இல்லை.

சிவமலை வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பொய் அழுகை இல்லை. பாடையின் முன்கால் அவன்தான் பிடித்தான். நெய்ப்பந்தத்தில் இருந்து உறவுக்குச் சோறு போட்டது வரை எல்லாம் அவன் செலவு. தம்பிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று ஊரே சொன்னது.

காரியம் முடிந்தது. பந்தலைப் பிரித்தார்கள். உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். ராக்கியப்பர் மாகாளியின் வாசலில் உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சிவமலை அவரிடம் வந்தான்.

"அப்பா."

"ம்."

"தம்பி வீடு பூட்டிக் கெடந்தாக் கரையான் புடிச்சுரும். நான் சோளத்தட்டைப் போட்டு வெச்சுக்கட்டுங்களா?"

வழக்கம்போலக் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

ராக்கியப்பர் மகனின் முகத்தை நேராகப் பார்த்தார். இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார்.

அவனிடம் ஒருநாளும் சொல்லாத சொல்லைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இடி விழும் என்று காத்திருந்தார்.

"செரிங்கப்பா" என்றான் சிவமலை.

அவ்வளவுதான். மறுபேச்சு இல்லை. முகம் கோணவில்லை. மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு தன் காட்டுக்குப் போய்விட்டான்.

ராக்கியப்பர் கண்ணைத் திறந்தார். அவன் போன தடத்தையே பார்த்தார். பிறகு நெஞ்சில் அறைந்துகொண்டு அலற ஆரம்பித்தார். பிணம் எடுத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.